எட்டாம் வசனத்துக்குப் பிறகு

அக்கா,

இன்று காலை பிரட்டுக்களத்தில் ஆள் எண்ணும்போது வேப்பிலை வாசம் வந்தது. கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக ஏறி வந்த புது ஆட்களில் ஒருத்தி, துணி மூட்டைக்குள் ஒரு கட்டு வேப்பிலை வைத்திருந்தாள். இந்தக் குளிரில் வேம்பு வளராது என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அரிசி, கருப்பட்டி, உப்புக்கண்டத்தோடு அதையும் தலையில் வைத்துச் சுமந்து வந்திருக்கிறாள். பாதி காய்ந்துவிட்டது. ஆனாலும் வாசம் போகவில்லை.

"இத எங்க வைக்கிறதுக்கா?" என்று என்னிடம் கேட்டாள்.

"வாசல்லயே வை. ஒளிச்சு வைக்காத" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவளுக்குப் புரிந்திருக்காது. உனக்குப் புரியும். அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், துணி துவைக்காமல், கணக்குப்பிள்ளையிடம் இரண்டு தாள் வாங்கி வந்து உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. உனக்கு எழுத்துத் தெரியாது; நீ இருந்தபோதும் எழுதினதை நான்தான் வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். அதனால் பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை.

அந்த வருஷம் நம் லயத்து வரிசை வீடுகளில் அம்மை வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. கொழுந்து எடுக்கையில் எனக்கு அடுத்த நிரை உன்னுடையது. காடு வெட்டும்போது மரம் சாய்ந்து உன் புருஷன் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. உனக்கு மிச்சமிருந்தது நாலு வயது எஸ்தர் மட்டும். துரை லயத்தின் இரண்டு முனையிலும் கயிறு கட்டச் சொன்னார். உள்ளே இருப்பவர் வெளியே போகக் கூடாது, வெளியே இருப்பவர் உள்ளே வரக் கூடாது. மருந்து குத்துகிறவர் மூன்று வாரம் கழித்துத்தான் வந்தார். அதுவரை படுத்துக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டு கொடுத்தவள் நீ. வேதக்காரர் வீடு, சாமி கும்பிடுகிறவர் வீடு என்று நீ பார்க்கவில்லை. கதவைத் தள்ளுவாய், குடத்தை இறக்குவாய், "உசிரோட இருக்கியளா?" என்று கேட்பாய். உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தால் அடுத்த வீட்டுக்குப் போவாய்.

பிறகு எஸ்தருக்கே காய்ச்சல் கொதித்தது. மூன்றாம் வீட்டு மாடத்தி, சாமி கும்பிடுகிறவள், தன்னிடம் இருந்த ஒரே வேப்பிலைக் கட்டைப் பிரித்து எல்லா வீட்டுக்கும் ஆளுக்கொரு கொத்து கொடுத்தாள். எல்லா வீட்டுக்கும் என்றால் எல்லா வீட்டுக்கும்தான். என் அம்மா வாங்கித் தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் செருகினாள். கங்காணியார் வீட்டில் தலையணைக்கு அடியில் இருந்தது. அவர் மகளுக்குக் கஞ்சி கொண்டு போனபோது என் கண்ணால் பார்த்தேன். நம் சபையில் அந்த இலை இல்லாத வீடு கிடையாது. நீ ஒருத்திதான் அதை வாசல் நிலையில் கட்டினாய்.

எஸ்தர் பிழைத்தாள். முகமெல்லாம் தழும்பு. கயிற்றை அவிழ்த்த பிறகு வந்த முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் கங்காணியார் உன்னை எழுந்து நிற்கச் சொன்னார். அவர் நமக்கு வாரம் ஆறு நாள் கங்காணி, ஏழாம் நாள் சபை மூப்பர். தகரக் கூரைக் கோயிலில் முன்னால் விரித்த பாய் அவர் குடும்பத்துக்கு, பின்னால் போட்ட சாக்கு நமக்கு. ஆண்டவருக்கு முன் எல்லோரும் ஒன்று என்று அந்தப் பாயில் நின்றுகொண்டுதான் ஜெபம் பண்ணுவார்.

"வாசல்ல வேப்பில கட்டுனியா?"

"கட்டுனேன்."

பின்னாலிருந்து யாரோ, "மாடத்தி கட்டுனதுன்னு சொல்லு, முடிஞ்சு போவும்" என்று முணுமுணுத்தார்கள். கங்காணியாருக்கும் அது கேட்டது. நீ அப்படிச் சொல்லட்டும் என்று அவர் கொஞ்ச நேரம் சும்மா நின்றார் என்றுகூட நினைக்கிறேன்.

"நாந்தான் கட்டுனேன்" என்றாய்.

"அப்பொ யாருட்ட வேண்டிக்கிட்ட?"

"ரெண்டு பேருட்டயும்."

யாரோ சிரித்தார்கள். நீ சிரித்த பக்கம் திரும்பிச் சொன்னாய்: "பிள்ள நெருப்பா கொதிக்கா. யாரு காதுல விழுதோ விழட்டும்னு கூப்பிட்டேன். ஒங்க பிள்ளைக்கு வந்தா அப்பொ நீங்க சிரிங்க."

உபதேசியாருக்குச் செய்தி போனது. மூன்று எஸ்டேட்டுக்கு அவர் ஒருவர்தான். மாதத்துக்கு ஒரு முறை வந்து, அடுத்து வரும் ஞாயிறுகளுக்கு வேதத்தில் சிவப்புப் பென்சிலால் குறி வைத்துவிட்டுப் போவார். இங்கே தொடங்கு, இங்கே நிறுத்து. மிஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்புவரை போனவள் நான் ஒருத்தி. அதனால் வாசிப்பது என் வேலை. எழுத்துத் தெரியாத கங்காணியார் அதற்கு அர்த்தம் சொல்வார். நம் சபை நடந்த விதம் அதுதான். குறிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததே இல்லை. சொன்ன நிரையில் கொழுந்து எடுப்பதுபோல சொன்ன வரியை வாசித்தேன்.

அந்த முறை அவர் குறி வைத்தது எபிரெயருக்கு எழுதின நிருபத்தில், ஆறாம் அதிகாரத்தின் முதல் எட்டு வசனங்கள். உனக்குத் தெரியாததா. ஒரு முறை வெளிச்சத்தைக் கண்டு, வானத்திலிருந்து வந்த ஈவை ருசி பார்த்து, அதன்பின் விழுந்துபோனவர்களைத் திரும்பவும் மனந்திரும்ப வைக்க முடியாது என்கிறது. ஏனென்றால் அவர்கள் தேவகுமாரனை மறுபடியும் சிலுவையில் அறைந்து ஊர் பார்க்க அவமானப்படுத்துகிறார்கள். அப்புறம் நிலத்தின் கதை. மழையைக் குடித்து நல்ல பயிர் கொடுக்கிற நிலத்துக்கு ஆசீர்வாதம். முள் முளைக்கிற நிலம் ஆகாதது, அதன் முடிவு நெருப்பு.

நான் நன்றாக வாசித்தேன், அக்கா. திக்காமல், சத்தமாக, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி வாசித்தேன். தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் என் வீட்டு வேப்பிலை சருகாகிக் கிடந்தபோது உன்னைப் பார்த்து வாசித்தேன். "தெளிவா வாசிச்ச" என்று கங்காணியார் பாராட்டினார். நீ எழுந்து, எஸ்தரை உள்ளேயே உட்கார வைத்துவிட்டு, வெளியே போய் வாசல் கல்லில் உட்கார்ந்தாய்.

யாரும் உன்னைப் போகச் சொல்லவில்லை. சபைக்கு ஒரு நாளில் கோபம் தீர்ந்துவிட்டது. இரண்டு வாரம் போனதும் கங்காணியாரே, "வந்து உக்காரச் சொல்லுங்க, மழ வருது" என்றார். நீ வரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் கம்பளியைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு அந்தக் கல்லில் இருந்தாய். உள்ளே பாட்டுத் தொடங்கினால் உதடு அசையும். சபைக் குருவான ஐயர் திருவிருந்து கொடுக்க மலையேறி வந்தபோதும் எழுந்து வரவில்லை. என் அம்மா வந்து கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

"முடியாதுன்னு எழுதியிருக்குல்லா சித்தி. பொறவு எதுக்கு இழுக்கிய" என்று சொன்னாய்.

உனக்கு வேதத்தின் மேல் சந்தேகமே வரவில்லை. கங்காணியார் சொன்னதை நீ நம்பியிருக்க மாட்டாய். ஆனால் நான் வாசித்ததை நம்பினாய். அது என் குரலில் வந்தது. அந்த எண்ணம் எனக்குத் தலையில் கொழுந்துக் கூடைபோல இருந்தது, இறக்கி வைக்க இடமில்லாமல்.

ஆடி மழையில் ஒரு நாள் கங்காணியார், முற்றிய இலை பறித்துவிட்டாள் என்று பேச்சியம்மாக் கிழவியைக் கம்பால் முதுகில் அடித்தார். அறுபது வயதுக்காரியின் முதுகில். அன்று சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே கோயிலுக்குப் போனேன். வேதம் வைத்த பெட்டியின் சாவி என்னிடம்தான் இருக்கும். அவர் முகத்தில் எறிய ஒரு வசனம் வேண்டும் என்றுதான் வேதத்தைத் திறந்தேன். ஊர் பார்க்க அவமானப்படுத்துகிறவன் யார்? வாசலில் இலை கட்டின நீயா, வாரமெல்லாம் அடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை திருவிருந்துக் கிண்ணத்தில் முதல் வாய் வைக்கிற அவரா? அந்த வரியை அவருக்கே வாசித்துக் காட்ட வேண்டும் என்று ஆறாம் அதிகாரத்தைத் தேடினேன். கோபத்தில் கண் சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போய்விட்டது.

ஒன்பதாம் வசனம். பிரியமானவர்களே, நாங்கள் இப்படிப் பேசினாலும் உங்களைப் பற்றி இதைவிட நல்லதையே, இரட்சிப்புக்கு அடுத்ததையே நம்பியிருக்கிறோம் என்று இருந்தது. அதற்கு அடுத்து, பரிசுத்தவான்களுக்கு நீங்கள் செய்த ஊழியத்தை மறந்துவிட தேவன் அநியாயக்காரர் அல்ல என்று இருந்தது.

மூன்று முறை வாசித்தேன். அடிக்க எடுத்த கல் கையிலேயே ரொட்டியாகிவிட்டால் ஒருவருக்கு எப்படி இருக்கும்? எனக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. இவ்வளவு நாளும் இந்த வரி அதே பக்கத்தில், ஒரு விரல் கீழே இருந்திருக்கிறது.

மறுநாள் வேதத்தைக் கொழுந்துக் கூடைக்குள், துணியில் சுற்றி, மலைக்கு எடுத்து வந்தேன். துரை பார்த்திருந்தால் அரைப் பேர், அரை நாள் கூலி, போயிருக்கும். மழை வலுத்ததும் நாம் இரண்டு பேரும் உன் கம்பளிக்குள் ஒதுங்கினோம்.

"என்னட்டி கூடைக்குள்ள? சோறா?" என்றாய்.

"சோறில்ல. வேதம்."

"நனைஞ்சா கங்காணி ஒன்னய உரிச்சிருவாரு."

நான் எட்டாம் வசனத்திலிருந்து தொடங்கிப் பத்து வரைக்கும் வாசித்தேன். நீ மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் வாதாடத் தொடங்கினேன். முடியாது என்று எழுதியிருப்பது முடியாதுதான், அதை நான் அழிக்கவில்லை. ஆனால் அது யாருக்கு எழுதியிருக்கிறது? திரும்பி வர வேண்டும் என்ற நினைப்பே செத்துப்போனவர்களுக்கு. அப்படிச் செத்துப்போனவள் வாராவாரம் மழையில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பாளா? எழுதினவரே தன் ஜனத்தைப் பயமுறுத்திவிட்டு அடுத்த மூச்சில், நீங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை என்கிறாரே.

நீ மழையைப் பார்த்தபடியே, "அந்த நெலத்த இன்னொருக்கா வாசி" என்றாய்.

வாசித்தேன்.

"முள்ளு மொளச்ச நெலத்துக்குத் தீ வைக்கணுமா?"

"அதோட முடிவு அதுதான்னு இருக்கு."

"ஏட்டி, எங்க அய்யா தேரிக்காட்டுல அடுத்தவங்க நெலத்த வாரத்துக்கு எடுத்து வெதச்சவரு. வேண்டாம்னு விட்ட நெலத்துல எவனாவது வேல மெனக்கெட்டுப் போய்த் தீ வைப்பானா? விட்ட நெலம் உடைமுள்ளு மண்டி அப்பிடியே கெடக்கும். வெதைக்கணும்னு நெனச்ச வருசந்தான் தீய வைப்பாரு. அந்த வருசம் கம்பு ஆள் உசரத்துக்கு நிக்கும்."

"உபதேசியார் அப்பிடிச் சொல்ல மாட்டாரு."

"அவரு நெலம் வச்சிருந்தாரா?"

நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. "எனக்குத் தீ வச்சாச்சுட்டி," என்று மெல்லச் சொன்னாய். "புருசன் போனான். பிள்ள போயித் திரும்பி வந்தா. இவ்வளவும் எரிஞ்சாச்சு. இனி வெதைக்கட்டும்."

உன் விளக்கம் சரியா என்று நான் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். படித்தவர்கள் அந்த நெருப்பை வேறு விதமாகச் சொல்லக்கூடும். சொல்லட்டும். முள் எரிவதையும் அதன்பின் பயிர் வருவதையும் கண்ணால் பார்த்தவள் நீ. என் பங்குக்கு, அந்தக் கடினமான வார்த்தை ஒருவரை வெளியே தள்ளுவதற்காக எழுதப்பட்டதல்ல, வெளியே போய்க்கொண்டிருப்பவரைக் கையைப் பிடித்து இழுப்பதற்காக எழுதப்பட்டது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. குழியின் விளிம்பில் நிற்கிற பிள்ளையைப் பார்த்துத் தாய் போடுகிற கூச்சல் அது. விழுந்த பிறகு கேட்கிற ஏளனம் அல்ல.

உபதேசியார் வராத மாதங்களில் பழைய குறிகளையே சுற்றி வாசித்தோம், அடுத்த ஞாயிறு முறை வேறு பகுதிக்கு. நான் எபிரெயருக்குத் திருப்பினேன். எட்டாம் வசனம் வரை வாசித்ததும் கங்காணியார் அர்த்தம் சொல்ல வாயைத் திறந்தார். நான் நிறுத்தவில்லை.

"ஏளா, குறி வச்ச மட்டும் வாசிச்சாப் போதும்."

"குறி வச்சவரு மனுசன், ஐயா. மிச்சமும் இதுலதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, வாசலைப் பார்த்து ஒன்பதையும் பத்தையும் வாசித்தேன். சாக்கில் இருந்தவர்கள் யாரும் தலை தூக்கவில்லை. எல்லோர் வீட்டிலும் அந்த இலை இருந்தது அவரவருக்குத் தெரியும். என் அம்மாதான் முதலில் எழுந்தாள். "எங்கூட்லயும் இருந்துச்சு. பானைக்குப் பின்னால" என்றாள். அப்புறம் இன்னொருத்தி எழுந்தாள். கங்காணியார் மனைவி எழவில்லை, ஆனால் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மழை விட்டு உபதேசியார் வந்தபோது, ஏன் எட்டோடு நிறுத்தினீர்கள் என்று அவரிடம் கேட்டேன். நல்ல மனுஷர்தான். மறைக்காமல் சொன்னார்: "மிச்சத்த அடுத்த மாசத்துக்குன்னு வச்சிருந்தேன். ஒரு மாசம் பயம் இருக்கட்டும்னு. பொறவு பாதை இடிஞ்சு போச்சு, வர முடியல. அப்பிடியே மறந்து போனேன்." ஒரு மனுஷி மாதக்கணக்கில் மழையில் உட்கார்ந்ததற்குக் காரணம் இதுதான். பயத்தை முதலில் கொடுத்து ஆறுதலைத் தவணைக்கு வைப்பது. ஏழைகளுக்கு எல்லாவற்றையும் இப்படித்தான் கொடுக்கிறார்கள்.

ஐயர் வந்த நாளில் நீ உள்ளே வந்தாய். எல்லோர் முன்னும், "ரெண்டு பேருட்டயும் கேட்டது நெசம்யா. இனி ஒருத்தருட்டதான் கேப்பேன். ஆனா எந்த வீட்டுல அம்மை போட்டாலும் தண்ணி கொண்டு போவேன். அந்த வாசல்ல என்ன தொங்குதுன்னு பாக்க மாட்டேன்" என்றாய். ஐயர், "வாம்மா" என்றார். அவ்வளவுதான். கிண்ணத்தில் முதலில் கங்காணியார், கடைசியில் நீ. அந்த வரிசை மட்டும் மாறவில்லை.

திரும்பும் வழியில் நான் சொன்னேன்: "நியாயமாப் பாத்தா அந்தக் கல்லுல அவருதான் உக்காரணும்."

"அந்த ஒம்பதாம் வசனம் எனக்கு மட்டுமா எழுதியிருக்கு? அவரும் கேட்டுக்கிட்டுத்தான இருந்தாரு."

"ஏக்கா, அவருக்குமா?"

"பின்ன? என்னய உள்ள விட்ட கதவு அவரு வந்தா சாத்திக்கிடுமா?"

மூன்று நாள் உன்னோடு பேசவில்லை. நிரையை மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டு தள்ளிப் போனேன். நீ அங்கேயும் வந்து என் கூடையில் ஒரு துண்டு கருப்பட்டி போட்டுவிட்டுப் போனாய்.

அடுத்த வருஷ மழையில் மலைக்காய்ச்சல் உன்னை நாலு நாளில் கொண்டுபோய்விட்டது. கோயிலுக்குப் பின்னால், சபையார் புதைக்கிற சரிவில்தான் உன்னை வைத்தோம். எஸ்தர் எங்கள் வீட்டில் இருக்கிறாள். கங்காணியார் வந்து சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தார், முன்பக்கம், இடது பக்கம். சரிவு முழுக்கத் தோள் மாற்றவே இல்லை. அது மனவருத்தத்திலா, மூப்பர் என்ற முறைக்கா என்று எனக்குத் தெரியாது. அடுத்த திங்கட்கிழமை பழையபடி கம்போடுதான் வந்தார்.

வேதத்தில் கடினமான பகுதி எது என்று உபதேசியாரைக் கேட்டால், முடியாது என்கிற அந்த ஆறாம் வசனத்தைத்தான் காட்டுவார். எனக்கு ஒன்பதாவதுதான் கடினம். உன்னைப் பற்றி அதை நம்ப எனக்கு ஒரு மழை நேரம் போதுமாக இருந்தது. அவரைப் பற்றி நம்பத் திங்கட்கிழமைதோறும் முயற்சி செய்து தோற்கிறேன். ஆனால் விடவில்லை. நல்லதை நம்புவது என்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது என்றும் நான் எடுத்துக்கொள்ளவில்லை.

போன மாதம் அவர் பேச்சியம்மாள் மேல் மறுபடியும் ஓங்கினார். நான் நிரையைத் தாண்டிப் போய்க் கம்பைப் பிடித்தேன். "ஐயா, ஒங்களப் பத்தி நல்லதத்தான் நம்பணும்னு எழுதியிருக்கு. நானும் நம்பப் பாக்கேன். கம்ப விடுங்க" என்றேன். மலை முழுக்க ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் என்னைப் பார்த்தார், கிழவியைப் பார்த்தார். கம்பை என் கையிலேயே விட்டுவிட்டு மேட்டுப் பக்கம் நடந்தார்.

மறுநாள் வேறு கம்பு வெட்டிக்கொண்டு வந்தார், அக்கா. அதையும் பிடிப்பேன்.